அடுப்புக்குப் பின்னால் எஸ்.எஸ். தகடு: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

தாளிக்கிற எண்ணெய் சுவரில் ஏறாமல் இருக்க அடுப்புக்குப் பின்னால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு அடிப்பது ஓட்டல், மெஸ் சமையலறைகளில் பழைய வழக்கம். இப்போது வீடுகளிலும் கேட்கிறார்கள். டைல்ஸ் இடுக்கில் மஞ்சளும் பிசுக்கும் ஏறிக் கறுத்துப் போவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது நல்ல மாற்றுதான். ஆனால் ஒட்டிய கொஞ்ச நாளில் துரு, வீக்கம், கழன்று வருவது என்று ஏதாவது ஒன்று வந்தால் உடனே வருகிற வார்த்தை, "தகடு டூப்ளிகேட்". சில சமயம் அது உண்மை. பெரும்பாலும் கோளாறு தகட்டில் இருக்காது. அதற்குப் பின்னால் இருக்கிற சுவரிலோ, பசையிலோ, பக்கத்தில் யாரோ செய்த வேலையிலோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் தகட்டை மட்டும் மாற்றினால் புதுத் தகடும் அதே கதிக்குத்தான் வரும்.

எதைப் பார்ப்பதற்கு முன்னாலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

தொட்டால் சுர்ரென்கிறது

தகட்டில் கை வைத்ததும் லேசாக ஷாக் அடித்தால் மற்ற எல்லாம் அப்புறம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரக்கையோடு இன்னொரு முறை தொட்டுப் பார்த்து உறுதி செய்யும் வேலை வேண்டாம்.

மிக்ஸி, கிரைண்டருக்காகத் தகட்டில் சுவிட்ச் பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டியிருப்பார்கள். வெட்டிய ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அதில் வயர் உரசி மேலுறை கிழிந்தால் தகடு முழுக்க மின்சாரம் வந்துவிடும். சுவிட்ச் பலகையின் திருகு வயரைக் குத்தியிருந்தாலும் இதே கதை. தகட்டை எடுத்துப் பார்த்து, ஓட்டையின் பிசிறை அரத்தால் நன்றாகத் தேய்த்து, ஓரத்துக்கு ரப்பர் பீடிங் மாட்ட வேண்டும். தகட்டின் பின்பக்கம் எர்த் வயர் ஒன்றை இணைத்துவிடச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் அதையும் இந்தச் சாக்கில் போட்டுவிடலாம். முடிந்தால் சுவிட்ச் பெட்டியே தகட்டுக்குள் வராதபடி அளவெடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

கேஸ் குழாயையும் தகட்டுக்குப் பின்னால் மறைத்து ஓட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ரப்பர் குழாய் அது. கண்ணில் படுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும்.

துரு வந்திருக்கிறது

"ஸ்டெயின்லெஸ்" என்று சொல்லி விற்றுவிட்டுத் துருப்பிடித்தால் கோபம் வரத்தான் செய்யும். முதலில் அது எந்தத் துரு என்று பாருங்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு விரல் நுனியால் தடவுங்கள்.

துடைத்ததும் பழுப்பு போய் அடியில் தகடு வழவழப்பாக இருந்தால் அது வெளியிலிருந்து வந்த இரும்பு. ஜன்னல் கிரில் வெல்டிங் அல்லது கிரைண்டர் வேலை பக்கத்தில் நடந்திருக்கும். பறந்த இரும்புப் பொடி தகட்டில் ஒட்டித் துருப்பிடித்திருக்கும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் தேய்த்திருந்தாலும் இப்படித்தான் வரும். ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி, மென்மையான துணியால் தகட்டில் ஓடுகிற கோட்டின் திசையிலேயே தேய்த்தால் பாதி போய்விடும். மீதிக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, துணியை நனைத்துக் கறைமேல் கால் மணி நேரம் ஒட்டி வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

விரலில் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்பட்டால் அது வேறு விஷயம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே உருவாக்கிக்கொள்கிற கண்ணுக்குத் தெரியாத படலம். குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். உப்பு, ப்ளீச்சிங் பவுடர், கழிவறை கழுவுகிற ஆசிட் எல்லாவற்றிலும் அது உண்டு. கடலோரத்தில் காற்றிலேயே உண்டு.

நிறையப் பேர் சந்தேகப்படாத ஒரு குற்றவாளி, டைல்ஸ் வேலை முடிந்ததும் நடக்கிற ஆசிட் வாஷ். தரையிலுள்ள சிமெண்ட் கறை போக ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பார்கள். அது தகட்டின்மேல் தெறிக்கக்கூட வேண்டாம். மூடிய சமையலறையில் எழும்புகிற புகையே போதும். மறுநாள் காலையில் தகடு முழுக்க மெல்லிய பழுப்பு படர்ந்திருக்கும். புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்குள் துரு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்கிற கேள்வி, ஆசிட் வாஷ் தகடு ஒட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா என்பதுதான். உடனே கவனித்துத் தண்ணீரால் பல முறை கழுவிவிட்டு மேலே சொன்ன சிட்ரிக் வைத்தியம் செய்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். குழி விழுந்துவிட்டால் குழி குழிதான். தேய்த்து மங்கலாக்கலாம், அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை: ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்து எதையும் சுத்தம் செய்யாதீர்கள். குளோரின் வாயு வரும். தகட்டுக்கு முன்னால் உங்கள் நுரையீரல் போய்விடும்.

துரு திருகைச் சுற்றி மட்டும் இருந்தால் விஷயம் எளிது. சாதா இரும்புத் திருகு அல்லது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. திருகு போட்டிருப்பார்கள். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஈரத்தில் இருக்கிற சின்ன இரும்புத் திருகு, தனியாக இருப்பதைவிட வேகமாக அரிக்கப்படும். எஸ்.எஸ். திருகாக மாற்றி, வடிந்த கறையைத் துடைத்தால் முடிந்தது. ஓரத்தில் மட்டும் துரு என்றால், இரும்பு வெட்டிய அதே கட்டிங் சக்கரத்தில் தகட்டையும் வெட்டியிருப்பார்கள். ஓரத்தை நயமான எமரித் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

இதில் எதுவும் பொருந்தவில்லை, உப்பும் ஆசிட்டும் படவில்லை, ஆனாலும் தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாக வருகிறது என்றால் அப்போது தகட்டின் ரகத்தைச் சந்தேகப்படலாம். இங்கேதான் காந்தத்தோடு வருவார்கள். காந்தம் ஒட்டவில்லையென்றால் 304 என்கிற நல்ல ரகம் என்று கடைக்காரரும் சொல்வார், வாங்குகிறவரும் நம்புவார். அரைகுறைச் சோதனை இது. காந்தம் வலுவாக ஒட்டினால் அது 430 போன்ற நிக்கல் இல்லாத ரகம் என்று தெரியும். ஒட்டாவிட்டால் 304 என்று அர்த்தமில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201, 202 தகடுகளிலும் காந்தம் ஒட்டாது. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-இல் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான். மலிவு அதனால்தான். பெரிய தகட்டு வியாபாரிகள் சிலரிடமும் பழைய உலோகம் வாங்கும் இடங்களிலும் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்-ரே கருவி இருக்கும். துண்டுத் தகட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் சில விநாடிகளில் எத்தனை சதவீதம் எது என்று சொல்லிவிடும்.

வயிறு தள்ளுகிறது, அழுத்தினால் டப்பென்கிறது

எப்போது தள்ளுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். காலையில் தட்டையாக இருந்து, இரண்டு அடுப்பும் எரிகிறபோது வீங்கி, ஆறியதும் உள்ளே போகிறதென்றால் வெப்பத்தில் விரிவது. எப்போதும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் சுவர் அல்லது பசைக் கட்டி.

விரிவதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். 304 தகடு ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.017 மில்லிமீட்டர் நீளும். நாலடித் தகடு, அதாவது 1.2 மீட்டர், 40 டிகிரி சூடேறினால் கூடுகிற நீளம் 0.8 மில்லிமீட்டர். இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் அலமாரிக்கு நடுவே இறுக்கமாகச் செருகியிருந்தால் அந்த நீளம் போக இடமில்லாமல் முன்னால்தான் வரும். முனைகள் நகராமல் நடுவில் பிடிப்பும் இல்லாவிட்டால், அந்த 0.8 மில்லிமீட்டர் நடுவில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வயிறாக மாறும். போதாததற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டைப் பரப்புவதில் மிகவும் மந்தம். அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. அதனால் பர்னருக்கு நேர் பின்னால் உள்ள இடம் மட்டும் கொதிக்கும், மற்ற இடம் ஆறியிருக்கும். சூடான இடம் விரிய, சுற்றியுள்ள ஆறின தகடு விடாது. டப் சத்தம் அங்கிருந்துதான்.

சரி செய்ய, இரண்டு பக்கமும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அதை சிலிக்கானால் மூட வேண்டும். சிலிக்கான் ரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுக்கும். திருகு போட்டிருந்தால் 4 மில்லிமீட்டர் திருகுக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை வைத்து, வாஷரோடு மிதமாக முடுக்குங்கள். திருகை இறுக்க இறுக்க நல்லது என்று நினைப்பது இந்த வேலைக்குப் பொருந்தாது.

எப்போதும் வீங்கியிருந்தால் சுவரில் மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் மேடு இருந்தால் எந்தத் தகடும் தட்டையாக உட்காராது. கொத்தனாரை வைத்துப் பூச்சைச் சரி செய்யலாம். அல்லது 6, 8 மில்லிமீட்டர் ஃபைபர் சிமெண்ட் பலகையை மட்டமாக அடித்து அதன்மேல் தகடு ஒட்டலாம். பிளைவுட் வேண்டாம். தகடு தீப்பிடிக்காது, ஆனால் சூட்டைத் தடுக்கவும் செய்யாது. முன்னால் அடிக்கிற அனலை அப்படியே பின்னால் உள்ள மரத்துக்குக் கொடுத்துவிடும்.

தடிமனும் முக்கியம். 22 கேஜ் என்றால் 0.7 மில்லிமீட்டர், பலகையில் முழுசாக ஒட்டினால் தவிர நிற்காது. 20 கேஜ் ஏறத்தாழ 0.9, 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர். நேராகச் சுவரில் ஒட்டுவதாக இருந்தால் 18 கேஜ் கேளுங்கள். அல்லது நான்கு ஓரத்தையும் பின்பக்கமாக ஒரு சென்டிமீட்டர் மடித்து வாங்குங்கள். மடிப்பு விறைப்பையும் கொடுக்கும், கையையும் கிழிக்காது.

மிரர் பாலிஷ் தகட்டில் இல்லாத வீக்கம்கூட இருப்பதுபோல் தெரியும். எதிரே உள்ள ஜன்னல் வளைந்து தெரிந்தால் அரை மில்லிமீட்டர் மேடுகூட அம்பலம்தான். அதற்கு வைத்தியம் கிடையாது, மெல்லிய கோடுகள் ஓடுகிற, கண்ணாடி மாதிரி பளபளக்காத ஹேர்லைன் தகடு வாங்குவதைத் தவிர.

கழன்று வருகிறது

கழன்ற தகட்டை உடனே சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிடாதீர்கள். பசை எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் சாட்சி.

பசை தகட்டோடு வந்து, அதன் முதுகில் டிஸ்டம்பரோ பூச்சோ ஒட்டியிருந்தால் பசை நல்ல பசை, சுவர்தான் விட்டுவிட்டது. பெயிண்ட் அடித்த சுவரில் ஒட்டினால் தகட்டைத் தாங்குவது பெயிண்ட்தான். அந்த இடத்துப் பெயிண்டையும் பட்டியையும் சுரண்டி, சிமெண்ட் தெரிகிறவரை போய், தூசி தட்டி ஒட்டுங்கள். ஓதம் இருக்கிற சுவரென்றால் ஓதத்தை நிறுத்தாமல் எதை ஒட்டினாலும் வீண்.

பசை முழுக்கச் சுவரில் தங்கி, தகடு பளிச்சென்று கழன்றிருந்தால் தகட்டின் பின்பக்கத்தைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். பட்டறையில் இருந்து வருகிற தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தின்னரில் நனைத்த துணியால் அடுப்பு எரியாத நேரத்தில், ஜன்னலைத் திறந்துவைத்துத் துடைத்து, காய்ந்தபின் ஒட்ட வேண்டும்.

பசை மஞ்சளாகி, இழுத்தால் நூல் நூலாக வந்தால் அது ரப்பர் பசை. மைக்கா, லெதர் ஒட்ட நல்லது. அடுப்புச் சூட்டில் இளகிவிடும். கார்பெண்டர் கையில் எப்போதும் இருக்கிற பசை இதுதான் என்பதால் இதையே தடவிவிடுகிறார்கள்.

ஓரத்தில் பசை இறுகி நடுவில் இன்னும் கொழகொழவென்று இருந்தால், அது சிலிக்கானைத் தப்பாகப் பரப்பியதன் விளைவு. சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும், நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் வரைதான். தகடு முழுக்கத் தேய்த்து ஒட்டினால் நடுப்பகுதிக்குக் காற்றே போகாது. மேலிருந்து கீழாக ஒரு சாண் இடைவெளியில் கோடு கோடாக, சுண்டுவிரல் பருமனுக்குப் போட வேண்டும். கோடுகளுக்கு நடுவே காற்று போகும்.

வாங்குகிற ட்யூபில் "நியூட்ரல்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் ஆசிட் விடுகிறது. கண்ணாடிக்குச் சரி, உலோகத்துக்கு ஆகாது, சிமெண்ட் பூச்சிலும் அவ்வளவாகப் பிடிக்காது.

எடை தாங்காமல் விழுந்துவிட்டது என்பார்கள். ஒரு மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 8 கிலோ. நாலுக்கு இரண்டடித் துண்டு 6 கிலோதான். அதுவும் கீழ்விளிம்பைக் கிரானைட் மேடைமேல் இரண்டு மில்லிமீட்டர் துண்டு வைத்து உட்கார வைத்தால் பசைக்குச் சுமையே இல்லை. ஒரு நாள் முழுக்கக் குச்சி வைத்து முட்டுக் கொடுங்கள். அடுப்பு பற்ற வைப்பதைப் பசை முழுசாக இறுகும்வரை தள்ளிப் போடுங்கள்.

பர்னருக்குப் பின்னால் மஞ்சள், நீலம்

விரலால் தடவினால் பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய். தாளிப்புப் புகை படிந்து சூட்டில் வார்னிஷ் மாதிரி இறுகியிருக்கும். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்து ஊறவைத்துத் துடைத்தால் போகும்.

வழவழவென்று இருந்து, தேய்த்தாலும் போகாத வைக்கோல் நிறமென்றால் தகடு அந்த இடத்தில் 300 டிகிரி அளவுக்குச் சூடேறியிருக்கிறது. நீலம் அதற்கும் மேல். நிறம் கெட்டது பெரிதில்லை. பின்னால் உள்ள பசை அந்தச் சூட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. பெரிய கடாயை வைத்தால் தீ அடியில் அடங்காமல் பின்பக்கம் சீறுகிறதா பாருங்கள். அடுப்பைச் சுவரிலிருந்து முன்னால் இழுங்கள். எத்தனை தூரம் என்பது அடுப்போடு வந்த கையேட்டில் இருக்கும். மேடை குறுகலாக இருந்து இழுக்க முடியாவிட்டால் பெரிய பாத்திரத்தை முன் பர்னருக்கு மாற்றுவதுதான் வழி.

பின்னால் கரப்பான், அடியில் ஈரம்

குக்கர் விசில் தண்ணீர் வழிந்து தகட்டுக்கும் மேடைக்கும் நடுவே இறங்கும். சூடு, ஈரம், பருப்புத் தண்ணீர், இருட்டு எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தால் கரப்பான் வேறு எங்கே போகும்? மேல்விளிம்பும் பக்கவாட்டும் திறந்திருந்தால் வாசலும் ரெடி. முதலில் உள்ளே இருப்பவற்றை மருந்து வைத்து வெளியேற்றி, நன்றாகக் காயவிட்டு, பிறகு நான்கு பக்கமும் சிலிக்கான் கோடு இழுத்து மூடுங்கள். புதிதாக ஒட்டியதென்றால் பின்னால் போட்ட பசைக் கோடுகள் இறுகிய பிறகுதான் ஓரத்தை அடைக்க வேண்டும். ஏன் என்று மேலே சொன்னேன்.

சில்லறைத் தொல்லைகள்

வெள்ளைத் திட்டு போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடையுங்கள், பின் கழுவுங்கள். கைரேகைக்கு லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு துணியில் விட்டுத் துடைக்கலாம். தேங்காய் எண்ணெயும் பளபளக்கும், ஆனால் நாளடைவில் பிசுக்காகும்.

கீறல் ஹேர்லைன் தகட்டில் என்றால் பச்சை நாரால் கோட்டின் போக்கிலேயே நீளமாக இழுத்துத் தேய்த்தால் கலந்துவிடும். குறுக்கே தேய்த்தால் இருந்த ஒரு கீறல் நூறாகும். மிரர் தகட்டில் கீறல் விழுந்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிய இரண்டு தகடு வேறு வேறு நிறமாகத் தெரிந்தால், ஒன்றில் கோடு நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் ஓடும். திருப்பி ஒட்டுவதுதான் தீர்வு.

பாதுகாப்பு பிலிம் உரிய மறுத்தால் வெந்நீரில் நனைத்த துணியை ஒத்தி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். வேலை முடிந்த அன்றே உரித்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால்

சாதாரண வீட்டுச் சமையலறைக்கு 304, ஹேர்லைன் அல்லது நம்பர் 4 பினிஷ், 18 கேஜ். பட்ஜெட் இடித்தால் தடிமனைக் குறைத்துப் பலகை வையுங்கள், ரகத்தைக் குறைக்காதீர்கள். திருவான்மியூர், நாகப்பட்டினம் மாதிரி கடல்காற்று நேராக வருகிற வீடென்றால் மாலிப்டினம் சேர்ந்த 316 யோசிக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைக்கிற பழக்கமிருந்தால் 304-உம் போதும் என்பது என் கருத்து. 430-ஐ ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். கடல் பக்கமில்லாத, ஈரம் குறைந்த சமையலறையில் அது நன்றாகவே இருக்கும். 304-ஐவிடக் குறைவாகத்தான் விரியும் என்பதால் வீக்கத் தொல்லையும் குறைவு. 430 என்று சொல்லி 430 விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம்.

அகலத்தை அடுப்புக்கு இரண்டு பக்கமும் அரை அடி கூட்டி எடுங்கள், உயரத்தைச் சிம்னியின் அடிவரை. சுவர் மூலை செங்குத்தாக இருக்காது என்று வைத்துக்கொண்டு மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவைக் கொடுங்கள். ஓட்டைகளைப் பட்டறையிலேயே லேசரில் வெட்டி வாங்கிவிடுங்கள். வீட்டில் கிரைண்டர் வைத்து வெட்டினால் தீப்பொறி தகட்டின் முகத்திலேயே தெறிக்கும். பில்லில் ரகத்தையும் தடிமனையும் மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். "எஸ்.எஸ். ஷீட் ஒன்று" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு பிறகு கடைக்காரரிடம் எதுவும் பேச முடியாது.

பழைய தகட்டை எடுக்கும்போது உளியைச் செருகி நெம்பினால் தகடு மடங்கும், பூச்சும் பெயரும். மெல்லிய எஃகுக் கம்பியின் இரு முனையிலும் குச்சி கட்டி, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழாக ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தால் சிலிக்கான் அறுந்துகொண்டே வரும். அதற்கு முன் சுவிட்ச் பெட்டியை எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிவிடுங்கள். கையுறை போடுங்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.